மார்பை முழுவதும் எடுக்கத்தான் வேண்டுமா?



இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய். இந்த நோய் வந்ததும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, "முழுசா எடுத்துடுவாங்களா மிஸ்?" என்பதுதான். இம்முறை அதைப் பற்றியே எழுதுகிறேன்.

மீரியபெத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவருக்குச் சிறிய கட்டி. கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். உறவினர் பேச்சைக் கேட்டு, சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போய்த் தனியாரிடம் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார். அதே மார்பில் இன்னொரு புள்ளி தெரிந்தது. "ரெண்டு எடத்துல இருக்காம் மிஸ். முழுசாவே எடுக்கச் சொல்லிடுறேன். எனக்கு ஏதும் ஆச்சுன்னா புள்ளைகளை யாரு பாக்கிறது?" என்று அழுதார்.

அவருடைய பயம் நியாயமானது. ஆனால் முடிவெடுக்க அந்தப் படம் மட்டும் போதாது.

எம்.ஆர்.ஐ.யில் கதிர் இல்லை. பலமான காந்தம் இருக்கிறது. குப்புறப் படுக்க வைத்து, கை நரம்பில் மருந்து ஏற்றிப் படம் எடுப்பார்கள். புற்றுநோய்க்கு இரத்த ஓட்டம் அதிகம் என்பதால் மருந்து அங்கே சேர்ந்து வெளிச்சமாகத் தெரியும். மெமோகிராமிலும் ஸ்கேனிலும் தெரியாத சிறு புள்ளியும் இதில் தெரியும். ஆனால் தீங்கில்லாத கட்டிகளும் அப்படியே வெளிச்சமாகத் தெரியலாம். ஆகவே புதிதாகத் தெரியும் புள்ளியை ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதிக்காமல், சத்திரசிகிச்சை முடிவை மாற்றக்கூடாது.

இந்த அக்காவுக்கும் வைத்தியசாலையில் மறுபடி ஸ்கேன் பார்த்து ஊசிச் சோதனை செய்தார்கள். இரண்டாவது புள்ளி புற்றுநோய் அல்ல. கட்டியை மட்டும் எடுத்தார்கள். வேறொருவருக்கு அது புற்றுநோயாகவே இருந்திருக்கலாம். அப்போது முழுவதும் எடுப்பது சரியான முடிவாகவும் இருக்கலாம். எதுவானாலும் சோதித்துத் தெரிந்துகொண்டே செய்ய வேண்டும்.

முழுவதும் எடுத்தால்தான் உயிர் தப்பும் என்பது எல்லோருக்கும் பொருந்தாது. ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களையும், மார்பை முழுவதும் எடுத்தவர்களையும் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் 20 வருடங்கள் கவனித்தார்கள். உயிர் வாழ்வதில் வித்தியாசம் இல்லை என்று 2002இல் அறிவித்தார்கள். ஆனால் கதிர்ச் சிகிச்சையை இடையில் விடக்கூடாது. வாரக்கணக்கில் போய்வர வேண்டும். பேர் போகும், பஸ் காசு வேண்டும். இதை முன்கூட்டியே வீட்டாரோடு பேசி ஒழுங்கு செய்யுங்கள்.

எம்.ஆர்.ஐ. எடுத்தால் மறு சத்திரசிகிச்சை குறையுமா என்று பிரித்தானியாவில் 1,623 பெண்களிடம் ஆராய்ந்தார்கள். 2010இல் வெளியான முடிவின்படி, எடுத்தவர்களிலும் எடுக்காதவர்களிலும் 100க்கு 19 பேருக்கு மறுபடி செய்ய வேண்டி வந்தது. ஆகவே வைத்தியர் கேட்காத எம்.ஆர்.ஐ.க்காகத் தோட்டை அடகு வைக்க வேண்டாம். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். கமக்கட்டில் நெறி கட்டியிருந்தும் மார்பில் கட்டி தெரியாதபோது, பரம்பரையாக நோய் வரும் குடும்பங்களில், சத்திரசிகிச்சைக்கு முன் மருந்து ஏற்றிக் கட்டி சுருங்கியதா என்று பார்க்க, வைத்தியரே இதைக் கேட்பார். அப்போது தயங்காமல் எடுங்கள்.

யுத்தத்தில் காயப்பட்ட சகோதரிகளுக்கு முக்கியமான ஒன்று. உடம்பில் செல் துண்டோ சன்னமோ இருந்தால், எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகுமுன் கட்டாயம் சொல்லுங்கள். காந்தம் இரும்பை அசைக்கும், சூடாக்கவும் கூடும். கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் ஆகியவற்றுக்கு அருகே இருந்தால் ஆபத்து. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எடுக்கலாமா என்று தீர்மானிப்பார்கள். காயம் எப்படிப் பட்டது என்று கதை சொல்லத் தேவையில்லை. துண்டு எங்கே இருக்கிறது என்பதே அவர்களுக்கு வேண்டும். சிறுநீரக வருத்தம் இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும் சொல்லுங்கள்.

வைத்தியரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள்:

1. கட்டியை மட்டும் எடுக்க முடியுமா? முடியாவிட்டால் ஏன்?
2. படத்தில் தெரிந்த புதிய புள்ளியை ஊசி குத்திச் சோதித்தீர்களா?
3. இந்தப் படத்தால் என் சிகிச்சையில் என்ன மாறும்?

சிங்களம் தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். விளங்காமல் கையொப்பம் வைக்க வேண்டாம்.

35 வயது தாண்டிய சகோதரிகள் உங்கள் பகுதிச் சுகவனிதையர் கிளினிக்குக்கு ஒருமுறை போய்வாருங்கள். பரிசோதனை இலவசம். கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால், மார்பைக் காப்பாற்றும் வழிகளும் அதிகம்.