பபூனைப் பார்த்துப் பயமா?

 

கோமாளி என்றால் இப்போது பிள்ளைகளுக்குச் சிரிப்பு வருவதில்லை, பயம் வருகிறது. ஒரு பிறந்தநாள் விழாவில் பலூன் கொடுக்க நின்ற ஜோக்கர் வேடக்காரரைக் கண்டு என் ஆறு வயதுப் பேத்தி அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். அவள் சர்க்கஸே பார்த்ததில்லை. பயம் மட்டும் கைபேசி வழியாக வந்துவிட்டது.

மேல்நாட்டில் இதற்கு ஒரு வரலாறு உண்டு. பேட்மேன் கதையில் ஜோக்கர் 1940-லேயே வில்லன். 1978-இல் அமெரிக்காவில் ஜான் வேய்ன் கேசி என்ற கொலைகாரன் பிடிபட்டான். 33 பேரைக் கொன்றவன், குழந்தைகள் விழாக்களில் கோமாளி வேடமும் போட்டவன். 1986-இல் ஸ்டீபன் கிங்கின் 'இட்' நாவல் வந்தது, 2017-இல் அது பெரிய சினிமாவானது. இரண்டுக்கும் நடுவில், 2016-இல், கோமாளி முகமூடியோடு தெருவில் நின்று ஊரை மிரட்டுவதே அங்கே ஒரு கூத்தாகிப் போனது.

அந்த வேடத்தில் சிரிப்பு வரைந்து வைத்தது. உள்ளே இருப்பவர் கோபமா, அழுகையா என்று பிள்ளைக்குத் தெரியாது. பயத்துக்கு அது போதும்.

நம் பபூன் அப்படியா? வள்ளி திருமணமோ பவளக்கொடியோ, சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த நாடகம் எதுவானாலும், ராத்திரி பத்து மணிக்குமேல் முதலில் மேடையேறிக் கூட்டத்தைக் கட்டிப்போடுபவர் பபூன்தான். ஆர்மோனியக்காரரை வம்புக்கிழுப்பார், ஊர்ப் பெரிய மனிதர்களையும் விடமாட்டார். பவுடரும் பொட்டும் உண்டு, ஆனால் அந்த முகம் அசையும். விடிந்ததும் அதே மனிதர் டீக்கடையில் நம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். புதுக்கோட்டையில் நாடக நடிகர்களுக்குச் சங்கமே இருக்கிறது. நமக்கு அவர்கள் அந்நியர்கள் இல்லை.

'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தில் சர்க்கஸ் கோமாளி அப்பு பழிவாங்கக் கொலைகளே செய்கிறார். நாம் கைதட்டினோம். அவர் மனசு நமக்குத் தெரிந்திருந்தது.

நாம் மட்டும் யோக்கியம் என்று சொல்லவில்லை. திருநீறு பூசிப் பிச்சைக்கு வந்த ஆண்டிதான் பூச்சாண்டி ஆனார் என்பார்கள். சோறூட்ட அந்தப் பாவப்பட்ட மனிதரைப் பேயாக்கியவர்கள் நாமே!

பபூன்கள் பேசும் இரட்டை அர்த்தமும் எனக்கு உடன்பாடில்லை. பெண்கள் எழுந்துபோகும் அளவுக்குப் பேசியவர்களைப் பார்த்திருக்கிறேன். கமிட்டிக்காரர்கள் முன்கூட்டியே கண்டித்துச் சொன்னால் அது சரியாகிவிடும். அதற்காக நாடகத்தையே விட்டு 'ஆடல் பாடல்' வைப்பது என்ன நியாயம்? ஒரு திருவிழாவில் நாடகம் நின்றால் அந்த பபூனுக்கு ஒரு ராத்திரிச் சம்பளம் போச்சு. நடிகருக்கு சீசனே சில மாதங்கள்தான். நம் பிள்ளைக்கும், கோமாளி என்றால் கத்தியோடு வருபவன் என்பது மட்டுமே மிஞ்சும்.

வகுப்பில் சேட்டை செய்பவனை 'பபூன்' என்று திட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இன்று பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகள் அதை விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு உங்கள் ஊரில் நாடகம் உண்டா? தேதியைக் கீழே எழுதுங்கள். பக்கத்து ஊராக இருந்தால் பேத்தியோடு வருகிறேன். பபூன் காட்சி முடிந்து அவள் தூங்கினாலும் பரவாயில்லை, பாய் கொண்டு வருவோம்.