விளக்கு யாருக்கு?

வனவிலங்கைக் காண முதுமலைக்குப் போக வேண்டும் என்பார்கள் நண்பர்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் இரவு நடந்தால் போதும் என்பேன் நான். 1988 முதல் மாணவர்கள் அப்படி நடந்துதான் பங்குனி ஆமையின் முட்டைகளைக் காத்து வருகின்றனர்.

சென்ற மாசியில் நானும் உடன் சென்றேன். அலையிலிருந்து ஓர் ஆமை மெல்ல ஏறி வந்தது. வேடிக்கை பார்க்க வந்த யாரோ ஒருவர் கைப்பேசி வெளிச்சத்தை அடித்தார். முட்டையிடாமலே அது கடலுக்குத் திரும்பிவிட்டது.

கண்ணில் படாமற்போன குழிகளில், ஏறத்தாழ 50 நாளில் பொரியும் குஞ்சுகளின் கதி இன்னும் மோசம். ஒளி தெரியும் பக்கமே கடலென்று நம்பித் தெருவிளக்கை நோக்கி ஊர்ந்துவிடுகின்றன. விளக்கில்லையேல் பாதுகாப்பில்லை என்பார்கள். சரி, சாலைக்கு வேண்டும். ஆமை வரும் மாதங்களிலாவது வெளிச்சம் மணலில் விழாதபடி ஒரு மறைப்புத் தகடு வைத்தால் என்ன குறைந்துவிடும்?