மாஸ்கோவில் இருப்பவனுக்கு வாஷிங்டனில் தடை எதற்கு?

வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு நம்மூர் மருத்துவமனைக் கணினிகளை முடக்கிப் பணம் பறிப்பவனின் பெயரை ஏதாவது ஓர் அரசு தடைப்பட்டியலில் சேர்த்தால் உடனே ஓர் ஏளனம் எழுகிறது. அவனுக்கு நியூயார்க்கில் வங்கிக் கணக்கா இருக்கிறது, முடக்குவதற்கு? விசாவுக்கா வரிசையில் நிற்கிறான், மறுப்பதற்கு? இணையத் தாக்குதல்காரர்கள்மேல் பொருளாதாரத் தடை விதிக்க 2015 ஏப்ரலில் ஒபாமா ஆணையிட்ட நாளிலிருந்து இந்தப் பேச்சு ஓயவில்லை. விவரம் தெரிந்தவர்களே பேசுவதால்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முடக்குவதற்கு அவனிடம் சொத்து இல்லை என்பது முதல் வாதம். இருக்கட்டும். அவனிடம் போய்ச் சேரும் பணம் யாரிடமிருந்து கிளம்புகிறது? சட்டத்துக்குப் பயந்து நடக்கும் நிறுவனங்களிடமிருந்துதான். பட்டியலில் இருப்பவர் என்று தெரியாமல் ஒருவருக்குப் பணம் அனுப்பிவிட்டாலும் அமெரிக்க நிறுவனம் அபராதம் கட்ட நேரலாம். பணயத் தொகைக்கும் இது பொருந்தும் என்று 2020 அக்டோபரில் அமெரிக்கக் கருவூலத் துறை வெளிப்படையாகவே எச்சரித்தது. காப்பீட்டு நிறுவனமும், பேரம் பேசிக் கொடுக்கும் இடைத்தரகரும் பட்டியலைப் பார்க்காமல் இருக்க முடியாது.

பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நான் எப்போதும் சொல்வது வங்கதேச மத்திய வங்கிக் கொள்ளை. 2016 பிப்ரவரியில் அந்த வங்கியின் பெயரில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வுக்கு 35 போலி உத்தரவுகள் வந்தன; மொத்தம் சுமார் 95 கோடி டாலர். அதில் சுமார் 10 கோடி கிளம்பிவிட்டது. இலங்கைக்கு வந்த 2 கோடி, பெறுபவரின் பெயரில் இருந்த எழுத்துப்பிழையால் சிக்கித் திரும்பியது. 8.1 கோடி பிலிப்பைன்ஸுக்குப் போனது. மீதி 85 கோடி ஏன் போகவில்லை? மணிலாப் பெருநகரில் அந்தப் பணம் போக வேண்டிய வங்கிக் கிளை ஜூபிடர் என்ற தெருவில் இருந்தது. ஈரான் தொடர்பான தடைப்பட்டியலில் ஜூபிடர் என்று ஓர் எண்ணெய்க் கப்பல் இருந்தது. தெருவுக்கும் கப்பலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பெயர் இடித்ததால் அதிகாரிகள் உத்தரவுகளைக் கூர்ந்து பார்த்தார்கள். அதிர்ஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்க வங்கிகள் வழியாகப் போகும் பணம் அந்தப் பட்டியலை உரசிக்கொண்டுதான் போகிறது என்பது அதிர்ஷ்டம் அல்ல. யாரோ ஒரு கப்பலுக்காக எழுதிய பெயரே இவ்வளவு தடுத்தது.

பெயரை மாற்றிக்கொண்டால் முடிந்தது என்பது இரண்டாவது வாதம். ஈவில் கார்ப் என்ற ரஷ்யக் கும்பலைத்தான் இதற்கு உதாரணம் காட்டுவார்கள். 40க்கும் மேற்பட்ட நாடுகளின் வங்கிகளிலிருந்து 10 கோடி டாலருக்கு மேல் திருடிய அந்தக் கும்பல் 2019 டிசம்பரில் பட்டியலில் ஏறியது. பேரம் பேசும் நிறுவனங்கள் கைவிரித்தன. வேஸ்டட்லாக்கர், ஹேடிஸ் என்று சரக்கின் பெயரை மாற்றிக்கொண்டே போய், கடைசியில் லாக்பிட் என்ற வேறொரு கும்பலின் மென்பொருளை வாங்கித் தாக்க வேண்டிய நிலைக்கு வந்தார்கள். இந்தத் தொழிலில் பெயர்தான் முதலீடு. பணம் கொடுத்தால் சாவி கிடைக்கும் என்று நம்பினால்தானே பறிகொடுத்தவன் பணம் கொடுப்பான்? கிரிப்டோ பரிமாற்றங்களை ஆராயும் செயினாலிசிஸ் நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் 125 கோடி டாலராக இருந்த பணயத் தொகை 2024இல் சுமார் 81 கோடியாகக் குறைந்தது. இதைத் தடையின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. லாக்பிட்டின் சர்வர்களைப் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து பிடுங்கியதும் அதே 2024இல்தான்.

இவர்களில் யாரும் பிடிபடப் போவதில்லை என்பார்கள். அப்படியானால் வர்கலாவுக்குப் போவோம். கரான்டெக்ஸ் என்ற ரஷ்யத் தொடர்புள்ள கிரிப்டோ சந்தை 2022 ஏப்ரலில் தடைக்குள்ளானது; அதன் பிறகும் கடை திறந்தே இருந்தது. தடையைக் கேலி செய்தவர்களுக்கு அது நல்ல தீனி. 2025 மார்ச்சில் அதன் இணையதளம் பறிமுதல் ஆனது. சில நாளில், அதை நடத்தியதாகக் குற்றம்சாட்டப்பட்ட லித்துவேனியக் குடிமகன் ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்த கேரளத்தின் வர்கலாக் கடற்கரை ஊரில் கைதானார். அமெரிக்கா அவர்மேல் சுமத்திய குற்றங்களில் ஒன்று, தடையை மீறச் சதி செய்தது. வழக்கு இனிமேல்தான் நிரூபிக்கப்பட வேண்டும். ஆனால் பட்டியல் இல்லையென்றால் அந்தக் குற்றச்சாட்டே இல்லை. கரான்டெக்ஸின் வாரிசாக கிரைனெக்ஸ் என்ற சந்தை முளைத்ததும் உண்மை. அதுவும் அதே ஆண்டு ஆகஸ்டில் பட்டியலில் ஏறியது.

வடகொரியா விஷயத்தில் என் கை சற்று தாழ்ந்தது. அந்நாட்டு அரசின் இணையத் தாக்குதல் கும்பலான லாசரஸ் குழுவை 2019இலேயே பட்டியலிட்டார்கள். 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற கிரிப்டோ சந்தையிலிருந்து 150 கோடி டாலர் போனதற்கும் வடகொரியாவே காரணம் என்கிறது எஃப்பிஐ. அரசே திருடும்போது பட்டியல் திருட்டைத் தடுப்பதில்லை. திருடிய பணத்தைச் செலவழிப்பதைத்தான் கடினமாக்குகிறது.

டொர்னாடோ கேஷ் விவகாரத்தில் மட்டும் ஏளனக்காரர்கள் பக்கம்தான் நான். கிரிப்டோ பணத்தின் தடத்தை மறைக்கும், யாருக்கும் சொந்தமில்லாமல் தானே ஓடும் அந்த நிரலை 2022இல் தடைப்பட்டியலில் போட்டார்கள். யாராலும் மாற்ற முடியாத நிரலைச் சொத்தாகக் கருத முடியாது என்று 2024 நவம்பரில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அடுத்த மார்ச்சில் கருவூலத் துறையே பெயரை எடுத்துவிட்டது. கரான்டெக்ஸை நடத்த ஆள் தேவைப்பட்டது, அந்த ஆளுக்கு விடுமுறையும் தேவைப்பட்டது. நிரலுக்கு இரண்டுமே வேண்டியதில்லை.