கோடையில் வரும் ஆராய்ச்சி

சித்திரை, வைகாசி மாதங்களில் கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டதும் மதுரைச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் கேள்வித்தாளும் கையுமாக ஆராய்ச்சி மாணவர்கள் தென்படுவது வழக்கம். எத்தனை ஏக்கர், என்ன ரகம், எத்தனை மூடை உரம், கடன் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். விவசாயியும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, மோர் கொடுத்து, பதில் சொல்லி அனுப்புகிறார். மாணவர்களின் அக்கறையைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் வரும் மாதம்தான் சரியில்லை.

அந்த மாதங்களில் பெரியாறு பிரதானக் கால்வாய் பெரும்பாலும் வறண்டு கிடக்கும். வைகை அணையில் இருப்பு போதுமானால், பேரணை முதல் கள்ளந்திரி வரையுள்ள இருபோகப் பகுதியின் 45,041 ஏக்கருக்கு ஜூன் மாதம் தண்ணீர் திறப்பார்கள். மேலூர்ப் பக்கத்து ஒருபோகப் பகுதியின் 85,563 ஏக்கர் செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டும். நாற்று முற்றுவதற்குள் தண்ணீர் கடைமடைக்கு எட்டுமா, முறை வைத்தால் எத்தனை நாள் தாங்கும், நடவுக்கு ஆள் கிடைக்குமா, உரத்துக்குத் தோட்டை அடகு வைப்பதா அல்லது ஆட்டை விற்பதா என்ற கவலையெல்லாம் அதற்குப் பிறகுதான். சித்திரையில் வருபவர் காண்பது அறுத்த தாளும் மேயும் மாடும். அறுவடைப் பணத்தில் கடனைக் கொஞ்சம் அடைத்து, அழகர் ஆற்றில் இறங்குவதையும் பார்த்துவிட்டு வந்த விவசாயி அப்போது சொல்லும் பதில் வேறு. ஐப்பசியில் மடையடியில் நின்று சொல்லும் பதில் வேறு.

இந்தக் குறை மதுரைக்கு மட்டும் உரியதல்ல. மேலைநாட்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் பலர் ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான கோடை விடுமுறையில் ஆப்பிரிக்காவுக்கு ஆராய்ச்சிப் பயணம் போகிறார்கள். சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே மாலி, நைஜர் நாடுகளில் அது மழைக்காலம். கம்பும் சோளமும் விதைத்துக் களை எடுக்கும் நேரம். (இரண்டுமே ஆப்பிரிக்காவிலிருந்து நம் மானாவாரிக்கு வந்த பயிர்கள்தாம்.) பழைய தானியம் தீர்ந்து, புதுக் கதிர் முற்றாத பசி மாதங்களும் அவையே. அங்கே பருவம் பொருந்துகிறது, பாதைதான் கெட்டுப்போகிறது. சேற்றில் வண்டி போகாத ஊர்கள் ஆராய்ச்சிக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

இதை விரிவாக எழுதியவர் ராபர்ட் சேம்பர்ஸ். கென்யாவில் நிர்வாக அதிகாரியாக இருந்த ஆங்கிலேயர். அங்குள்ள முவேயா நெல் பாசனத் திட்டத்தை ஆராய்ந்தவர். 1973-74ல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வடாற்காடு மாவட்டத்தில் நடத்திய நெல் சாகுபடி ஆய்விலும் பங்கு கொண்டார். பட்டணத்திலிருந்து வருவோர் தார்ச்சாலை ஓரத்தோடு நின்றுவிடுகிறார்கள், வசதியுள்ள ஆண்களிடமே பேசுகிறார்கள், மழைக்காலத்தைத் தவிர்க்கிறார்கள் என்று 1983ல் வெளியான தம் நூலில் எடுத்துக்காட்டினார். ஏழைக்குக் கையிருப்பு குறைந்து, வேலையும் நோயும் கூடுவது அந்த மழைக்காலத்தில்தான். வடாற்காடு ஆய்வில் இன்னொன்றும் வெளிப்பட்டது. புதிய நெல் ரகங்கள் அரசுக் கணக்கு காட்டியதைவிடக் குறைந்த பரப்பிலேயே பயிரிடப்பட்டிருந்தன. ஊருக்குள் போய்க் கேட்டதால் தெரிந்த உண்மை அது.

ஒத்தக்கடையில் யானைமலை அடிவாரத்தில் 1965ல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரியின் மாணவர்கள் கிராமங்களில் தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள். ஒரு நாள் வந்து எழுதிப் போவதைவிட இது எவ்வளவோ மேல். அவர்கள் தங்கும் ஊர்க்காரர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். தலைமடைத் தோப்போடு நிறுத்தாமல், கடைமடை வயலுக்கு நடத்தி அழைத்துப் போகலாம். குத்தகைக்கு உழுபவரையும் நாற்று நடும் பெண்களையும் பேசவிடலாம். எழுதியதில் ஒரு பிரதியைத் தமிழில் அனுப்பும்படி கேட்பதிலும் தவறில்லை. பதில் சொன்னவருக்கு அந்த உரிமை உண்டு.

வழிகாட்டும் பேராசிரியர்களுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. கோடையில் மட்டும் பார்த்து எழுதிய ஆய்வை அப்படியே ஏற்காமல், நடவு நேரத்தில் மறுபடியும் போய் வரச் சொல்லலாம். கல்லூரி அட்டவணையை மாற்ற முடியாது என்பார்கள். அட்டவணை இருந்தபடியே இருக்கட்டும். புரட்டாசியில் மூன்று நாள், கார்த்திகையில் மூன்று நாள் போதும். மதுரையிலிருந்து மேலூர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான், பஸ்ஸுக்கும் குறைவில்லை.