தலையிற் பட்ட அடியும் மனத்தின்மேற் சுமத்தப்படும் பழியும்

மோட்டார் சைக்கிளிலிருந்து வீழ்ந்து தலையில் அடிபட்ட ஒரு மாணவன் இரண்டொரு நாள் வைத்தியசாலையில் வைத்துப் பார்க்கப்படுகின்றான். எலும்பு முறிவில்லை, ஸ்கான் படத்தில் இரத்தக்கசிவில்லை என்று கூறி வீட்டுக்கு அனுப்புகின்றனர். பார்க்க வருவோர் பழங்களோடும் பரிவோடும் வருகின்றனர். மூன்று மாதங்கள் கழிகின்றன. தலையிடி மாறவில்லை, வெளிச்சமும் சத்தமும் பொறுக்க முடியவில்லை, ஒரு பக்கத்தை மூன்று முறை வாசித்தும் பொருள் பதியவில்லை, நித்திரை குழம்புகின்றது, அற்ப காரியங்களுக்கும் கோபமும் அழுகையும் வருகின்றன. மீண்டும் வைத்தியரிடம் செல்கின்றான். அவர் மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் குளிசையொன்றை எழுதுகின்றார். அக்கணமே அவனைச் சூழ்ந்திருந்த பரிவு ஐயமாக மாறுகின்றது. "இது விசருக்குக் குடிக்கிற குளிசையல்லவா?" என்கின்றது வீடு. "சோதனைக்குப் பயந்து நடிக்கிறான்" என்கின்றது விடுதி. அவனோ குளிசையை லாச்சிக்குள் ஒளித்துவைக்கின்றான்.

மூளையதிர்ச்சிக்குப் பிந்திய அறிகுறித் தொகுதி என மருத்துவம் பெயரிட்டுள்ள இந்நிலையில் அகப்பட்டோர் பலர்க்கு நேர்வது இதுவே. மூளையதிர்ச்சிக்கு உள்ளானோரிற் பெரும்பாலோர் சில வாரங்களிற் குணமடைகின்றனர். ஒரு சாரார்க்கு மாத்திரம் மூன்று மாதங்களுக்கு மேலும் அறிகுறிகள் நீடிக்கின்றன. அச்சிறுபான்மையினரை நோக்கி எமது சமூகம் எழுப்பும் கேள்வி ஒன்றே: 'இது உடல் நோயா, மன நோயா?' இக்கேள்வியே பிழையானது என்பதும், இதற்கு விடை தேடுவோர் நோயாளிக்கு இரண்டாவது முறையும் அடி கொடுக்கின்றனர் என்பதும் இங்கு வலியுறுத்தப்படுகின்றன.

இக்கேள்வி எங்கே பிறந்தது? மருத்துவச் சாலையில் மட்டுமன்று. நட்டஈட்டு வழக்கு மன்றத்திலுமாகும். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே புகையிரத விபத்துக்களிற் சிக்கியோர் பலர், வெளிக்காயம் எதுவுமின்றியே தலையிடி, நித்திரையின்மை, ஞாபகக்குறைவு என்று முறையிட்டனர். 1866இல் இலண்டன் அறுவைவைத்தியர் யோன் எரிக் எரிக்சென், இவை முள்ளந்தண்டும் நரம்புத் தொகுதியும் அதிர்வுற்றமையால் விளைந்தவை என எழுதினார். 1883இல் அதனை மறுத்து நூல் எழுதிய ஹேபேர்ட் பேஜ், பயமும் மனப்பாதிப்புமே பல முறைப்பாடுகளுக்குக் காரணம் என்றார். அவர் புகையிரதக் கம்பனியொன்றின் அறுவைவைத்தியராகப் பணிபுரிந்தவர் என்பது மனங்கொள்ளத்தக்கது. உடலிற் காயமெனின் கம்பனி பணங் கொடுக்க வேண்டும்; மனத்திலெனின் தப்பிக்க வழியுண்டு. 'உடலா, மனமா' என்ற வினா தத்துவ விசாரணையின் கோலம் பூண்டு வந்தபோதும் அதன் மடியிற் கணக்குப் புத்தகம் இருந்தது.

முதலாம் உலக யுத்தத்திலும் இதே நாடகம் அரங்கேறியது. குண்டதிர்ச்சி என்ற தொடரை 1915இல் சாள்ஸ் மையர்ஸ் மருத்துவ உலகிற்கு அறிமுகஞ் செய்தார். மூளை குலுங்கியதா, மனம் உடைந்ததா என்ற பிரச்சினை, போர்வீரன் காயமுற்றவனா கோழையா என்ற பிரச்சினையாகவே முடிந்தது. 1961இல் நியூகாசில் நரம்பியல் வைத்தியர் ஹென்றி மில்லர், 'விபத்து நரம்புத்தளர்ச்சி' பற்றிய தமது சொற்பொழிவுகளில், வழக்குத் தீர்ந்து பணம் கிடைத்ததும் இத்தகையோரின் நோயும் தீர்ந்துவிடுகின்றது என்னும் கருத்தை முன்வைத்தார். அவர் ஆராய்ந்தோர் நட்டஈட்டு வழக்குகளின் பொருட்டுப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்கள். 1970களிலும் 1980களிலும் பிறர் செய்த ஆய்வுகளோ, வழக்கு முடிந்த பின்னரும் பலரின் துன்பம் முடியவில்லை என்பதைக் காட்டின. ஆயினும் மில்லரின் நிழல் நீங்கவில்லை. வழக்கும் நட்டஈடும் இல்லாத எமது மாணவனும் அந்நிழலிலேயே நிறுத்தி விசாரிக்கப்படுகின்றான்.

ஸ்கான் படத்தில் ஒன்றுமில்லையே என்பர். ஸ்கான் படம் இரத்தக்கசிவையும் முறிவையும் காட்டும். அதிர்ந்த நரம்புக்கலங்களின் இரசாயனச் சமநிலை குலைவதை அது காட்டாது. காட்டாதது இல்லாதது ஆகிவிடாது. மறுபுறம், மனச்சோர்வும் கற்பனையன்று. அமெரிக்காவில் மூளைக்காயத்தால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட 559 பேரை ஓராண்டு தொடர்ந்து அவதானித்து 2010இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 53 சதவீதத்தினர் அவ்வாண்டினுள் கடும் மனச்சோர்வுக்கு ஆளானமை கண்டறியப்பட்டது. அடியுண்ட மூளையே உணர்ச்சிகளையும் ஆளும் உறுப்பு. அது சோர்ந்தால் மனம் சோராதிருக்குமா? நித்திரையற்று, படிப்பு நின்று, நண்பரும் நம்பாத ஒருவன் சோர்வடைவதில் வியப்புத்தான் என்ன? தலையிடி சோர்வை வளர்க்கின்றது. சோர்வு நித்திரையைக் கெடுக்கின்றது. நித்திரைக்கேடு தலையிடியை மீண்டும் வளர்க்கின்றது. இவ்வட்டத்தில் எவ்விடத்திற் கோடு கிழித்து இப்பக்கம் உடல், அப்பக்கம் மனம் என்பது?

தமிழ் பயின்றோர்க்கு இது புதிதாகத் தோன்றவேண்டியதில்லை. உள்ளத்து நிகழ்வு உடம்பின்வழிப் புலப்படுதலை மெய்ப்பாடு எனக் கொண்டு அதற்கோர் இயலையே வகுத்தவர் தொல்காப்பியர். எமது பேச்சு வழக்கிலும் துயரம் 'நெஞ்சை அடைக்கின்றது', கவலை 'தலையை விறைக்கச் செய்கின்றது'. மொழியில் ஒன்றாயிருப்பதை வைத்தியசாலை வாசலில் மாத்திரம் இரண்டாக்குகின்றோம். அங்கொடை, மந்திகை ஆகிய ஊர்ப்பெயர்களை வசைச்சொற்களாக்கிய சமூகம் அல்லவா!

இனிக் குளிசையை நோக்குவோம். ஒரு மருந்து எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பது அதனை உண்பவன் எந்த வகுப்பைச் சேர்ந்தவன் என்பதற்குச் சான்றாகாது. மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளில் ஒன்றாகிய ஐப்றோனியாசிட், காசநோய்க்கெனக் கொடுக்கப்பட்டது. 1952இல் நியூயோர்க்கில் அதனை உண்ட காசநோயாளரின் உற்சாகம் அதிகரித்தமை கண்டே அதன் மறுபயன் ஆராயப்பட்டது. அதனை உண்ட மனச்சோர்வுற்றோர் எல்லோரும் காசநோயாளர் ஆகிவிட்டனரா? அவ்வாறே, மனச்சோர்வுக்கென 1961இல் விற்பனைக்கு வந்த அமிற்றிப்ரிலீன், 10 அல்லது 25 மில்லிகிராம் என்ற சிறிய அளவில், தலையிடியைத் தடுக்கவும் நித்திரையைச் சீர்ப்படுத்தவும் இன்று உலகெங்கும் வழங்கப்படுகின்றது. மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் அளவு இதனிலும் பன்மடங்கு. ஆகவே குளிசையின் பெயரைக் கேட்டதும் நோயாளியின் நேர்மையைச் சந்தேகிப்பது அறியாமையே. அது மனச்சோர்வுக்கென்றே கொடுக்கப்பட்டிருப்பினும், தலையில் அடிபட்டது பொய்யென்று எவ்வாறாகும்?

இவ்வாறு கூறுவது குளிசையைத் தெய்வமாக்குவதற்கன்று. குளிசையை எழுதிக் கொடுத்துவிட்டு நோயாளியின் பேச்சைக் கேளாது அனுப்பும் அவசர வைத்தியமும் கண்டனத்துக்குரியதே. மூளைக்காயத்தின் பின்வரும் மனச்சோர்வைத் தடுக்கச் சேர்ட்ரலீன் உதவும் என 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. ஏற்கெனவே வந்துவிட்ட சோர்வைத் தீர்ப்பதில் அது வெற்றுக் குளிசையிலும் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டதன்று என 2017இல் மற்றோர் ஆய்வு காட்டியது. இரண்டும் சிறிய ஆய்வுகளே. எனவே பயன் ஆளுக்காள் வேறுபடும்; அது தெரியவரச் சில வாரங்கள் செல்லும். 25 வயதுக்குட்பட்டோர் இவ்வகை மருந்துகளைத் தொடங்கும் காலத்தில் தற்கொலை எண்ணம் அதிகரிக்கக்கூடும் என்னும் எச்சரிக்கையை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2007இல் விதித்தது. பல்கலைக்கழக மாணவரின் வயது இதுவே. ஆதலால் முதல் வாரங்களில் அவரைக் கவனிப்பார் வேண்டும். குளிசையை ஒளித்து உண்பவனை யார் கவனிப்பது? பழிச்சொல் இங்கு உயிராபத்தாகவும் மாறுகின்றது.

பிறர் கேலிக்கு அஞ்சித் திடீரென நிறுத்துவோரும் உளர். அவ்வாறு நிறுத்தினால் தலைச்சுற்று, தலையிடி, எரிச்சல், நித்திரைக்கேடு என்பன தோன்றலாம். இவை மூளையதிர்ச்சியின் அறிகுறிகளையே ஒத்தவை. நோயாளி தன் காயம் மீண்டுவிட்டதென மயங்குகின்றான். அயலார் மருந்து அவனை அடிமையாக்கிவிட்டதெனத் தீர்ப்பளிக்கின்றனர். இரண்டும் தவறு. வைத்தியரின் ஆலோசனையோடு அளவைப் படிப்படியாகக் குறைப்பதே முறை. 2022இல் இந்நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு நிலவியபோது, இத்தகைய மருந்துகள் தடையின்றிக் கிடைக்கவேண்டியதன் அவசியம் உணரப்பட்டிருக்க வேண்டும்.

நோயாளிக்கு உரியவை சில கேள்விகள்: இக்குளிசை எந்த அறிகுறிக்காக? எவ்வளவு காலத்துக்கு? எவ்வாறு நிறுத்துவது? இவற்றுக்கு விடைகூறுதல் வைத்தியரின் கடமை. 1971இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரான பேராசிரியர் சேனக பிபிலே, வணிகப் பெயர்களின் மயக்கத்தினின்று மருந்துகளை விடுவிக்க முயன்றார். கம்பனிப் பெயரினின்று மருந்தை விடுவிக்க முனைந்த நாட்டில், வசைப்பெயரினின்று நோயாளியை விடுவிக்க எவரும் முன்வராதது ஏன்?

குளிசையோடு பிறவும் வேண்டும். வாரக்கணக்கில் இருட்டறையிற் கிடக்கச் சொல்லும் பழைய முறை கைவிடப்பட்டுவிட்டது. முதல் ஓரிரு நாள் ஓய்வின் பின், படிப்படியாக நடையும் வேலையும் வாசிப்பும் கூட்டப்பட வேண்டும் என்பதே இன்றைய மருத்துவத்தின் நிலைப்பாடு. படிப்படியாக என்னும் இச்சொல்லைப் பரீட்சை அட்டவணைகள் அறியமாட்டா. ஆனால் விரிவுரையாளர்கள் அறியலாம். முறிந்த காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு வரும் மாணவனுக்குக் கதிரை எடுத்துக் கொடுக்கும் கைகள், கட்டுத் தெரியாத காயத்தோடு வருபவனுக்கு ஒப்படையைக் கையளிக்க மேலும் இரு வாரங்கள் கொடுக்க ஏன் தயங்க வேண்டும்?

லாச்சிக்குள் ஒளித்துவைக்கப்பட்ட குளிசை நோயாளியின் வெட்கத்துக்குச் சான்றன்று. அவனைச் சூழ்ந்துள்ளோரின் அறியாமைக்கே சான்று. அது மேசைமேல் வெளிப்படையாக வைக்கப்படும் நாளில்தான், தலையில் அடிபட்டவன் குணமடையத் தொடங்கியதாகக் கொள்ளலாம். அவனது சமூகமும் அவ்வாறே.