போர்வை அல்ல, பிடி!

கல்வராயன் மலை வளைவுகளில் மரவள்ளிக்கிழங்கு மூட்டைகளோடு இறங்கும் லாரியைக் கவனித்திருக்கிறீர்களா? மூட்டைகளை ஒன்றோடொன்று மட்டும் கட்டியிருக்க மாட்டார்கள். லாரியின் கொக்கியில் கயிற்றை மாட்டி இழுத்துக் கட்டியிருப்பார்கள். சரக்கு அனுப்புவதில் முதல் பாடமே அதுதான்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். ஆனால் வெளிநாடு போகும் சிற்பம் உடையாமல் போய்ச் சேர வேண்டுமே! பெட்டிகளைப் பேலட்டில் அடுக்கி ஸ்ட்ரெட்ச் ஃபிலிம் சுற்றும் இடத்தில்தான் கோட்டை விடுவது சுலபம். ஃபிலிமைத் தூசிக்கான போர்வை என்று நினைத்துப் பெட்டிகளை மட்டும் சுற்றினால், லாரி பிரேக் போட்டதும் மொத்த அடுக்கும் பேலட்டை விட்டு நகர்ந்துவிடும்.

இழுபட்ட ஃபிலிம் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இறுக்கம்தான் பிடி. அதனால் அடியில் பேலட்டையும் சேர்த்து மூன்று நான்கு சுற்று சுற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடும்படி உச்சி வரை போக வேண்டும். பெட்டிகள் பேலட் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

இரண்டு சுற்றைக் குறைத்து மிச்சம் பிடிப்பது லாபக் கணக்கே அல்ல. மூக்குடைந்த சிற்பத்தைப் புவிசார் குறியீட்டுக்காக யாரும் வாங்கப் போவதில்லை.