லாரி ஊரில் ஒரு சிறு பாட்டரி

நாமக்கல் என்றவுடன் நமக்கு ஞாபகம் வருகிறவர் ஆஞ்சநேயர், அடுத்தபடியாக லாரி. லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளும் பாட்டரிக்கு 'சார்ஜ்' ஏற்றும் கடைகளும் அங்கே தடுக்கி விழுந்த இடமெல்லாம் தென்படும். அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு மோட்டார் சைக்கிள் பாட்டரி அகால மரணம் அடைந்த கதையை நேயர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ராசிபுரத்து நண்பர் ஒருவர், பேரனைப் பார்க்கச் சென்னை சென்றவர், சித்திரை வெயில் முழுவதும் அங்கேயே தங்கிவிட்டார். வைகாசிக் கடைசியில் திரும்பி வந்து வண்டியின் சாவியைத் திருப்பினால், பல்லி சொல்வதுபோல 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்! பழைய புல்லட்டாயிருந்தால் நாலு உதை உதைத்து எழுப்பியிருப்பார். 2020 ஏப்ரல் முதல் தேதி பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி அமலுக்கு வந்தபின், பெரும்பாலான வண்டிகளில் கார்பரேட்டர் போய், மின்சார உதவியால் பெட்ரோலைப் பீய்ச்சும் கருவி வந்திருக்கிறது. உதைக்கும் கட்டையும் பல வண்டிகளில் மறைந்துவிட்டது. வண்டி சும்மா நிற்கும்போதுகூடக் கடிகாரம் முதலியவை சொட்டுச் சொட்டாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கின்றன. சேலத்துச் சீமை வெயிலோ, பாட்டரி தானே வற்றுவதைத் துரிதப்படுத்துகிறது.

நண்பர் ஆஸனத்தைக் கழற்றிப் பாட்டரியைக் கண்டுபிடித்தார். (சில வண்டிகளில் அது பக்கத்து மூடிக்குள் இருக்கும்.) பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு நாமக்கல் சென்று, ஒரு கடையில் ஒப்படைத்தார். கடைக்காரர் அதை லாரிப் பாட்டரிகளின் வரிசையில் ஒன்றாகக் கோத்து, இரவு பூராவும் ஆறு ஆம்பியர் மின்சாரம் செலுத்தினார். லாரிப் பாட்டரியின் கொள்ளளவு நூறு ஆம்பியர்-மணிக்கு மேல், இதனுடையதோ எட்டு! யானைக்குப் போடும் கவளத்தை அணிற்பிள்ளையின் வாயில் திணித்தால் என்ன ஆகும்? காலையில் பாட்டரி வயிறு வீங்கிக் கிடந்தது. புதிதாக ஒன்று வாங்கவேண்டியதாயிற்று.

கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் என்பது பொதுவான கணக்கு. எட்டு ஆம்பியர்-மணிப் பாட்டரிக்கு முக்கால் ஆம்பியருக்குச் சற்று மேல் போதும். முழுக்க வற்றியிருந்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். இதற்கென்றே, நிரம்பியதும் தானே அடங்கிவிடும் சிறிய சார்ஜர்கள் விற்கின்றன. வீட்டுத் திண்ணையிலேயே வேலை முடிந்துவிடும். இக்காலத்துப் பாட்டரிகளில் பெரும்பாலானவை மூடி முத்திரையிட்டவை. அவற்றைத் திறந்து தண்ணீர் ஊற்றலாகாது. லித்தியம் பாட்டரியானால் அதற்குரிய சார்ஜரே வேண்டும்.

கழற்றும்போது ஒரு முறை உண்டு. முதலில் கறுப்புக் கம்பி, அதாவது '–' குறியுள்ளது, பிறகுதான் சிவப்பு. மாட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். கறுப்பு முனை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு சேர்ந்தது. அதைக் கழற்றாமல் சிவப்பைத் தொட்டு, ஸ்பானர் சட்டத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும். முனையிலுள்ள பொடி நட்டு உருண்டு வண்டிக்குள் போய்விட்டால் அரை நாள் தேடவேண்டி வரும். அடியில் ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள். சார்ஜரின் பிடிகளை மாட்டிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகே பிடிகளை எடுக்க வேண்டும். பக்கத்தில் அடுப்போ விளக்கோ ஆகாது. பாட்டரியிலிருந்து தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு கசியக்கூடும்.

சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் ஓய்வு கொடுத்தபின் மீட்டர் வைத்துப் பார்த்தால் 12.7 அல்லது 12.8 வோல்ட் காட்ட வேண்டும். 12.4-க்கு இறங்கினால் மறுபடி ஏற்றலாம். 12-க்கும் கீழே மாதக்கணக்கில் போட்டுவைத்தால் ஈயத் தகடுகளில் ஸல்பேட் உப்பு இறுகிவிடும். அப்புறம் எந்தச் சார்ஜராலும் பயனில்லை.

நண்பர் ஐப்பசியில் மறுபடியும் சென்னை போனார். புறப்படுமுன் பாட்டரியை நிரப்பி, கறுப்புக் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனார். திரும்பி வந்து கம்பியை மாட்டிப் பொத்தானை அழுத்தியதும் வண்டி கிளம்பிவிட்டது. கடிகாரம் மட்டும் நேரம் தப்பியிருந்ததாம்.